சிமென்ட் மூட்டைகளை எண்ணியவர் யார்?

"குற்றச்சாட்டுக்குள்ளான அலுவலர், தம் மீதான குற்றச்சாட்டு பொய் என்பதற்குத் தக்க ஆதாரம் எதையும் அளிக்கவில்லை. எனவே குற்றச்சாட்டு நிரூபணமாகிறது."

விசாரணை அலுவலராக நான் எழுதிய முதல் அறிக்கை இப்படித்தான் முடிந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. தட்டச்சாகி, மூன்று கார்பன் நகல்களோடு கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்துவிட்டது. அன்று மாலையே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் ஒருவருடைய வேலை அநேகமாகப் போயிருக்கும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த இரண்டு வரிகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அதில் நான் பொய் எதுவும் எழுதவில்லை. அவர் ஆதாரம் எதையும் அளிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆதாரம் அளிக்க வேண்டியவர் அவரே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அவர் ஒரு சார்நிலை அலுவலகத்தின் பண்டகக் காப்பாளர். குடோனில் திடீர் ஆய்வு நடந்தது. இருப்புப் பதிவேட்டில் 340 சிமென்ட் மூட்டைகள். எண்ணிப் பார்த்ததில் 278. மீதி 62 மூட்டைகளை அவர் கையாடல் செய்துவிட்டார் என்பது முதல் குற்றச்சாட்டு. பதிவேட்டை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்பது இரண்டாவது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் 'செவன்டீன் பி' என்றால் எதிரே இருப்பவரின் முகம் மாறிவிடும். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கானது, 17(ஆ) பெருந்தண்டனைக்கானது. இவருக்கு வந்தது 17(ஆ).

கோப்பில் எல்லாம் பக்காவாக இருந்தது. குற்றச்சாட்டு ஓர் இணைப்பில், அதன் அடிப்படை இன்னோர் இணைப்பில், ஆவணப் பட்டியல் மூன்றாவதில், சாட்சிகள் பட்டியல் நான்காவதில். ஆய்வு அறிக்கை முதல் ஆவணம். சாட்சிகள் இரண்டே பேர்: கோப்பைக் கையாண்ட உதவியாளரும், ஆய்வு நாளில் உடனிருந்த அலுவலக உதவியாளரும். முதல் சாட்சி "இது ஆய்வு அறிக்கைதான்" என்றார். இரண்டாவது சாட்சி "நான் வெளியில் நின்றேன், உள்ளே எண்ணினார்கள்" என்றார். காப்பாளரிடம் கேட்டேன். "நான் எடுக்கலைங்க சார். கெட்டிப்போன மூட்டை பின்னால வராந்தாவுல கெடந்துச்சு, அதையும் சேர்த்துத்தான் ரிஜிஸ்டர்ல இருக்கு" என்றார். அதற்கு ஏதாவது கடிதம் எழுதினீர்களா என்றேன். இல்லை என்றார். அவ்வளவுதான், நான் அந்த இரண்டு வரிகளை எழுதிவிட்டேன்.

எங்கள் பிரிவின் கண்காணிப்பாளருக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் பாக்கி. அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தவர் போகாமல் நின்றார்.

"சார், மூட்டைய எண்ணினது யாரு?"

"ஆய்வு அலுவலர். அறிக்கை இருக்கே."

"இருக்குங்க. ஆனா அவரை நாம கூப்பிடவே இல்லையே. வராந்தாவுல கெடந்ததை எண்ணினீங்களான்னு அறிக்கைகிட்ட எப்படிங்க கேக்கறது?"

ஆய்வு அலுவலர் இடையில் ஓய்வுபெற்றுவிட்டார். அதனால் அவர் பெயர் சாட்சிகள் பட்டியலில் இல்லை. அது பெரிய குறை என்று அதுவரை எனக்குப் படவே இல்லை. மேலே இருந்தவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு: "துறை விசாரணைக்குச் சாட்சியச் சட்டம் கிடையாதுப்பா. அதெல்லாம் கோர்ட்டுக்கு. இங்கே கோப்பில் இருந்தால் போதும்."

இந்தப் பாடத்தில் பாதி சரி. அதனால்தான் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் துறை விசாரணைகளுக்கு நேரடியாகப் பொருந்தாது என்பது பழைய, உறுதியான சட்டநிலை. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியம் வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. அலுவலகங்களில் இதற்கு எல்லோரும் காட்டுகிற தீர்ப்பு, ஹரியானா அரசுக்கும் ரத்தன் சிங்குக்கும் இடையிலான 1977-ஆம் ஆண்டு வழக்கு. காட்டுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயம் உண்டு. சில பக்கங்கள்தான், படிக்க அதிக நேரம் ஆகாது.

ரத்தன் சிங் ஹரியானா அரசுப் பேருந்தின் நடத்துநர். பறக்கும் படை வண்டியைச் சோதித்தபோது, காசு கொடுத்தும் டிக்கெட் தரவில்லை என்று 11 பயணிகள் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. விசாரணையில் அந்தப் பயணிகளில் ஒருவர்கூடச் சாட்சி சொல்லவில்லை, சோதனை செய்த ஆய்வாளர்தான் சொன்னார். நடத்துநரின் வேலை போயிற்று. பயணிகளை விசாரிக்காததால் அது செல்லாது என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்ல, உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். துறை விசாரணையில் கேள்விச் சாட்சியத்தை, அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் சாட்சியத்தை, கண்டு ஒவ்வாமை கொள்ளத் தேவையில்லை என்றார் அவர். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அந்தச் சாட்சியத்துக்கு விஷயத்தோடு நியாயமான தொடர்பு வேண்டும், நம்பகம் வேண்டும், விவேகமுள்ள ஒருவர் ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும், சாட்சியச் சட்டத்தில் இல்லாததை எடைபோடும்போது எச்சரிக்கை வேண்டும் என்றும் சொன்னார். நம் அலுவலகங்களில் முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள்.

அந்த முன்பாதியும் எனக்கு வேண்டியதுதான். டிக்கெட் கிடைக்காத அந்த 11 பேரை நினைத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள். ஒரு டிக்கெட்டுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி, மூன்று முறை ஒத்திவைக்கப்படும் விசாரணைக்கு வந்து நிற்கச் சொன்னால் யார் வருவார்? நீதிமன்றத்தின் அத்தனை கட்டுப்பாடுகளையும் துறை விசாரணையில் வைத்தால், எளிய மக்களிடம் கைநீட்டுகிற எந்த ஊழியரையும் தொட முடியாது. சான்றிதழுக்காகப் பணம் கொடுத்துவிட்டு வாய்திறக்க முடியாமல் போன எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தத் தளர்வு நியாயமானது. அந்த வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சோதனை செய்த ஆய்வாளர் நேரில் வந்து நின்றார். பேருந்தில் ஏறியது அவர், பயணிகளிடம் கேட்டது அவர். நடத்துநர் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. என் கோப்பில் அப்படி நேரில் கண்டு சொல்ல யாருமே இல்லை.

1963-இல் தீர்ப்பான எச்.சி.கோயல் வழக்கை அப்புறம்தான் தேடிப் படித்தேன். மத்தியப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர் தன் துறையின் மேலதிகாரியை வீட்டில் போய்ப் பார்த்தார். பேச்சின் நடுவே சட்டைப் பையிலிருந்து மடித்த நூறு ரூபாய் நோட்டைப் போன்ற ஒன்றை எடுத்தார், லஞ்சம் கொடுக்கப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. விசாரணை அலுவலர் நிரூபணமாகவில்லை என்று எழுதினார். அரசு மாறுபட்டு வேலையை விட்டு நீக்கியது. விசாரணை அலுவலரின் முடிவிலிருந்து மாறுபட அரசுக்கு உரிமை உண்டு என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஒப்புக்கொண்டது. ஆனால் லஞ்சம் கொடுக்க முயன்றார் என்று முடிவுகட்ட இந்த வழக்கில் சாட்சியமே இல்லை என்றது. வெறும் சந்தேகம், துறை விசாரணையில்கூட, நிரூபணத்தின் இடத்தில் உட்காரக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. மடித்த காகிதத்தைப் பார்த்த அதிகாரி நேர்மையாகவே சந்தேகப்பட்டிருக்கலாம். நான்கூட அப்படித்தான் சந்தேகப்பட்டிருப்பேன். நேர்மையான சந்தேகமும் சந்தேகம்தான்.

இங்கே எடைபோடுவது எப்படி என்று சொல்ல வேண்டும். குற்றவியல் நீதிமன்றத்தில் நியாயமான ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். துறை விசாரணையில் அந்த அளவு தேவையில்லை, எது நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் 'அதிக வாய்ப்பு' என்பதற்குள் விசாரணை அலுவலரின் ஊகம், அந்த ஊழியரைப் பற்றிய அலுவலகப் பேச்சு, அவர் முகத்தைப் பார்த்ததும் தோன்றிய வெறுப்பு எல்லாம் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். பின்னாளில் நானாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். முடிவு எழுதும் முன் ஒரு வெள்ளைத்தாளில் குற்றச்சாட்டைத் துண்டு துண்டாக எழுதுவேன். 'கையாடல்' என்றால் என்னென்ன நடந்திருக்க வேண்டும்? பொருள் அவர் பொறுப்பில் வந்திருக்க வேண்டும். குறைந்திருக்க வேண்டும். குறைந்தது அவர் கைவழியாகக் குறைந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைத் தன் கண்ணால் கண்டவர் பெயரை எழுதுவேன். எழுதப் பெயர் இல்லையென்றால் அந்த இடத்தை வெற்றாகவே விட்டுவிடுவேன்.

பண்டகக் காப்பாளரின் கோப்பில் அப்படி எழுதிப் பார்த்தபோது மூன்றில் இரண்டு வெற்றாக நின்றன. அவர் பொறுப்பேற்றது ஆய்வுக்கு ஏழு மாதங்களுக்கு முன். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஆனால் மூட்டைகளை எண்ணி ஒப்படைத்ததாக ஒரு சொல்கூட இல்லை. முன்னவர் போட்டுவைத்த இருப்பை அப்படியே அடுத்த பக்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குடோனுக்கு இரண்டு சாவிகள். இரண்டாவது சாவி வேறொரு பிரிவில். இவை எல்லாம் முதல் நாளிலிருந்தே கோப்பில் கிடந்தவைதான்.

ஆவணம் இருக்கிறதே என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ரூப் சிங் நேகி வழக்கைச் சொல்வேன். அவர் வங்கி ஊழியர், அரசு ஊழியர் அல்ல. ஆனால் சட்டக் கோட்பாடு ஒன்றுதான். வங்கியின் வரைவோலைப் புத்தகம் காணாமல் போன விவகாரத்தில், காவல்துறையிடம் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தையும் காவல்துறை ஆவணங்களையும் வைத்து வேலையை எடுத்துவிட்டார்கள். ஆவணங்களைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் போதாது, அதன் உள்ளடக்கத்தைச் சாட்சி மூலம் மெய்ப்பிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 டிசம்பரில் சொன்னது. முதல் தகவல் அறிக்கை தன்னளவில் சாட்சியம் ஆகாது என்பதும் அந்தத் தீர்ப்பில் உண்டு. இன்றும் பல விசாரணை அறிக்கைகளில் எஃப்.ஐ.ஆர். எண்ணை எழுதிவிட்டு அதற்குக் கீழேயே 'நிரூபணம்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். கோபம் வருகிறது.

இன்னொரு வழக்கு எனக்கு மிக நெருக்கமானது, கோலார் தங்கவயலில் நடந்தது. கேப்டன் பால் அந்தோணி அங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. 1985-இல் அவர் வீட்டில் காவல்துறை நடத்திய சோதனையில் 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையும், 1,276 கிராம் தங்கம் கலந்த மணலும் எடுக்கப்பட்டதாக வழக்கு. குற்றவியல் வழக்கும் துறை விசாரணையும் ஒரே சம்பவத்தின் மேல், ஒரே சாட்சியத்தின் மேல் நடந்தன. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்த அவருக்கு, அந்தக் காலத்தில் பிழைப்புக்காகத் தர வேண்டிய பிழைப்பூதியம் தரப்படவில்லை. கையில் காசில்லாமல் விசாரணைக்கு வர முடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணையை நடத்தி வேலையை விட்டு நீக்கினார்கள். பிறகு குற்றவியல் நீதிமன்றம், அந்தச் சோதனையும் பொருள் எடுக்கப்பட்டதும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி அவரை விடுதலை செய்தது. அப்படியிருக்க, எதிர்த்தரப்பே இல்லாமல் எடுத்த துறை முடிவை மட்டும் நிற்கவிடுவது அநீதி என்று உச்ச நீதிமன்றம் 1999-இல் சொல்லி, அவருக்கு வேலையைத் திரும்பக் கொடுத்தது. நடுவில் பதினான்கு ஆண்டுகள் போயிருந்தன.

விடுதலையானாலே துறை நடவடிக்கையும் போய்விடும் என்று இதிலிருந்து சிலர் முடிவுகட்டுகிறார்கள். அது தவறு. இரண்டின் அளவுகோலும் வேறு என்பதால், நீதிமன்றம் சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டவரைத் துறை தண்டிக்கலாம், பல வழக்குகளில் அது நின்றிருக்கிறது. சாட்சியம் ஒன்றேதானா, விடுதலைக்குக் காரணம் என்ன என்று வரிவரியாகப் படித்துத்தான் சொல்ல முடியும்.

பிழைப்பூதியம் என்பதைச் சாட்சியத்தோடு சேர்த்துப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை. பார்க்க வேண்டும். 1973-இல் தீர்ப்பான கன்ஷ்யாம் தாஸ் ஸ்ரீவஸ்தவா வழக்கில், மத்தியப் பிரதேச வனச்சரகர் ஒருவர் குடியிருந்த ஊரிலிருந்து 500 கிலோமீட்டர் தள்ளி விசாரணை வைத்தார்கள். பிழைப்பூதியம் கொடுக்காததால் அவரால் வர முடியவில்லை. அந்தப் பணிநீக்கம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அவர் வரவில்லை என்றால் சாட்சிகளை யாரும் குறுக்கே கேட்கப்போவதில்லை. குறுக்கே கேட்காத சாட்சியத்தை எடைபோடுவது, ஒரு தட்டு மட்டும் உள்ள தராசில் நிறுப்பது போலத்தான்.

காலதாமதமும் அப்படியே. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தில் பொறியாளராக இருந்த பி.வி.மகாதேவனுக்கு, 1990-இல் நடந்த விஷயத்துக்காக 2000-இல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். பத்தாண்டுத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இல்லை என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. பத்தாண்டுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை என்ன நடந்தது என்று உங்களையோ என்னையோ கேட்டால் என்ன சொல்வோம்?

இதில் எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி ஒன்று இருக்கிறது, சட்டப் புத்தகத்தில் அது கொஞ்சம்தான் வரும். விசாரணை அலுவலர் அதே துறையில் வேலை பார்க்கிறவர். குறிப்பாணையில் கையெழுத்துப் போட்டவர் அவருக்கும் மேலதிகாரி. உத்தரப் பிரதேசத்துப் பொறியாளர் சரோஜ் குமார் சின்காவின் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், விசாரணை அலுவலர் சார்பற்ற நடுவர், துறையின் பிரதிநிதி அல்ல என்று எழுதியது. குற்றச்சாட்டுக்குள்ளானவர் வராவிட்டாலும் துறைத் தரப்புச் சாட்சியம் போதுமானதா என்று பார்க்க வேண்டியது அவர் கடமை என்றும் சொன்னது. படிக்க நிறைவாக இருக்கிறது. ஆனால் "அந்த பைல் என்னாச்சு? சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க, அவனை இனிமேல் வெச்சுக்க முடியாது" என்று மேலிருந்து ஒரு போன் வந்தபின் நடுவராக உட்கார்வது எவ்வளவு சிரமம் என்பது உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அப்படிப் போன் வந்திருக்கிறது. ஒருமுறை அல்ல. 'நிரூபணமாகவில்லை' என்று எழுதினால் காசு வாங்கிக்கொண்டு எழுதினார் என்று பேச்சு வரும். 'நிரூபணமாகிறது' என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஒருவர் முடிவு எடுக்கும் முன்பே அவர் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மத்திய அரசு விசாரணைகளில் துறைத் தரப்பை எடுத்துவைக்கத் தனியாக ஓர் அலுவலரை நியமிப்பார்கள். நம்மிடம் பெரும்பாலும் விசாரணை அலுவலரே துறைக்காகக் கேள்வி கேட்டு, அவரே தீர்ப்பும் எழுதுகிறார். இதை மாற்றாமல் விசாரணை அலுவலருக்குப் பயிற்சி வகுப்பு நடத்திப் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

சரி, அந்த சிமென்ட் மூட்டைகளுக்கு வருகிறேன்.

அறிக்கையில் கையெழுத்துப் போடாமல், கூடுதல் சாட்சியை விசாரிக்க அனுமதி கேட்டு எழுதினேன். கிடைத்தது. ஓய்வுபெற்ற ஆய்வு அலுவலர் இரண்டு பேருந்து மாறி வந்தார். வயதானவர், தெளிவாகப் பேசினார். எண்ணியது 278 என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பண்டகக் காப்பாளர் எழுந்து, கை நடுங்க, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, பின்னாடி வராந்தாவுல மழைல நனைஞ்சு கெட்டிப்போன மூட்டைங்க கெடந்துச்சே, அதை எண்ணினீங்களா?"

"இல்லை. கல்லாப்போனதை சிமென்ட்னு எப்படிப்பா எழுதுறது?"

அவர் சொன்னது நியாயம்தான். அவர் பயன்படுத்தத்தக்க இருப்பை எண்ணினார், பதிவேட்டில் இருந்தது மொத்த இருப்பு. வராந்தாவில் எத்தனை இருக்கும் என்று நான் கேட்டேன். ஒரு குவியல் இருந்தது, நாற்பது நாற்பத்தைந்து இருக்கலாம், எண்ணவில்லை, எண்ணாததைச் சொல்ல மாட்டேன் என்றார். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த சாட்சியம் அது. தனக்கு எதுவரை தெரியும் என்பதை அவர் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தார்.

நாற்பத்தைந்து என்றே வைத்துக்கொண்டாலும் 17 மூட்டைகளுக்குக் கணக்கு இல்லை. அதைக் காப்பாளராலும் சொல்ல முடியவில்லை. இரண்டாவது சாவி இருந்த பிரிவிலிருந்து யாரும் எதையும் சொல்லவில்லை. கையாடல் நிரூபணமாகவில்லை, பதிவேட்டைப் பராமரிக்காதது நிரூபணமாகிறது என்று எழுதினேன். அந்த இரண்டாவது முடிவை எழுதவும் எனக்குத் தயக்கம் இல்லை. பொறுப்பேற்கும்போது எண்ணாமல் கையெழுத்துப் போட்டதும், கெட்டிப்போன மூட்டைகளைப் பதிவேட்டில் தனியாகக் காட்டாததும் அவர் தவறுகள், அவரே ஒப்புக்கொண்டவை.

ஆணை வர ஐந்து மாதம் ஆயிற்று. ஓராண்டுக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். கவனக்குறைவால் வந்த இழப்பு என்று 17 மூட்டைகளுக்கான விலையைச் சம்பளத்தில் தவணையாகப் பிடித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்யவில்லை. வேறு அலுவலகத்துக்கு மாற்றலாகி, ஓய்வு வரை அங்கேயே இருந்தார்.

அந்த 17 மூட்டைகள் எங்கே போயின என்று இன்று வரை எனக்குத் தெரியாது.